மூன்றாம் ஓலைக்கு முன் வீட்டுக்கு வா

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயரையும் அஞ்சுகிராமத்துப் பெண்ணின் பெயரையும் போதகர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு, இந்த இரண்டு பேரும் விவாகத்தில் இணைவதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கொஞ்ச நேரம் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன்னால் இருந்த உன் மாமி, "என்ன மைனி, பெத்தவளே ஆட்சேபணைக்கு எழும்பிட்டியளா?" என்று கேட்க, சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த இருமல் முழுவதும் இருமல் இல்லை. எனக்கு உன்மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது. அது கல்யாணத்தைப் பற்றியது அல்ல, உன் தொழிலைப் பற்றியது. போனில் கேட்டால் நீ "ம்ம்" கொட்டிக்கொண்டே வேறு யாருக்கோ டைப் அடிப்பது எனக்கு இங்கே கேட்கும். அதனால் கடிதம். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதே. உன் ஆபீஸில் உன்னோடு உட்கார்ந்திருக்கிற பையன்களுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் அம்மாவும் தங்கச்சியும் இருப்பார்கள்.

எழுதுவது உன் தங்கச்சி ஷைனி. கண்ணாடி போட்டாலும் எனக்கு இப்போது எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல அலைகின்றன. நான் வாயால் சொல்லுகிறேன், அவள் எழுதுகிறாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவள் அல்லவா, நான் பேச்சில் சொல்வதைப் புத்தகத்தில் இருப்பதுபோல மாற்றி மாற்றி எழுதுகிறாள். முதலில் 'மக்கா' என்று நான் சொன்னதற்கு 'அன்புள்ள மகனுக்கு' என்று எழுதி வைத்தாள். அதை அடிக்கச் சொன்னேன். மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், என் பிள்ளையை நான் கூப்பிடுகிற சொல் மாறக்கூடாது.

உன் தொழிலை நான் என்றுமே முழுதாக நம்பியதில்லை. அதை உனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் இல்லை. புதுக்கடையில் அந்த மைக் செட்காரரோடு நீ சேர்ந்த காலத்திலேயே தொடங்கியது. பெட்டி தூக்குகிற வேலை என்று சொல்லிப் போனாய். கொஞ்ச நாளில் பெட்டியை வேறு யாரோ தூக்கினார்கள், நீ மேடையில் ஏறி நின்றாய். கல்யாண ரிசப்ஷன், கிளப் ஆண்டு விழா, கிறிஸ்மஸ் என்று எங்கே கூப்பிட்டாலும் போனாய். ஒருநாள் ஒத்திகை என்று அந்தப் பெரிய பெட்டிகளை நம் முற்றத்திலேயே இறக்கிப் போட்டாய். உன் அப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து பால் வெட்டுகிற கத்தியோடு ஓடி வந்தது நினைவிருக்கிறதா? "ஏலே, மரத்துல கெட்டுன சிரட்டையெல்லாம் குலுங்குது. இனி ரெண்டு பாட்டு போட்டியானா பாலு வெண்ணெயா திரண்டிரும்லே" என்றார். நீ சிரித்தாய். பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. "எதுக்குலே இந்தப் புகை?" என்று நான் கேட்டேன். "சும்மா, ஒரு இதுக்கு" என்றாய். அன்றைக்கு முதல் உன் வாயிலிருந்து அந்தச் 'சும்மா' வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

குலசேகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் நீ வேலை செய்வதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். ஒரு காதில் மட்டும் கறுப்பாக ஏதோ மாட்டி, அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். பிள்ளைக்குக் காதுவலி, அதோடு நிற்க வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் குப்பியில் அடைத்து உன்னிடம் தந்தேன். அந்தக் கதையை நீ உன் கூட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தாய் என்று கேள்விப்பட்டேன். சிரித்துக்கொள். ஆனால் அன்று மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சொன்னதை நான் உனக்குச் சொல்லவில்லை. "உனக்க மொவனுக்கு வேலை எளுப்பமாக்கும் கேட்டியா. பட்டனை அமுக்குனா ஊரே ஆடுது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பட்டனை அமுக்குகிறவனுக்கு, எதை எப்போது அமுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது அல்லவா? ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே நீ அடுத்த பாட்டைக் கொண்டுவந்ததை நான் கவனித்தேன். அதைத் திறமை என்றுதான் நினைத்தேன். சந்தேகப்படுகிறவளுக்குக் கண் இல்லை என்று நினைத்துவிடாதே.

பிறகு நீ கொச்சிக்குப் போனாய், அங்கிருந்து பெங்களூர். அடுத்தவன் பாட்டைப் போடுகிற வேலையிலிருந்து, நீயே ஆட்டப்பாட்டு உண்டாக்குகிறவன் ஆனாய். அந்தக் காலத்தில் ஒரு கிறிஸ்மஸுக்கு வந்தபோது, நம் டிவியில் ஒரு துணிக்கடை விளம்பரம் வந்தது. கையில் இருந்த அப்பத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டாய். "அம்மா, இது எனக்கதாக்கும். நான் போட்ட பீட்" என்றாய். எனக்குச் சந்தோஷம். "பின்ன ஏன்லே மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. எனக்க பேரும் எங்கயும் இல்ல" என்றாய். நான் அறிவில்லாமல், "பேரு இல்லாட்டா என்ன மக்கா, சத்தம் உனக்கதுதானே" என்று சொல்லிவிட்டேன். அப்போது நீ என்மேல் சீறினாயே, அதை நான் மறக்கவில்லை. "பேரு இல்லாத சத்தம் ரோட்டுல கெடக்க செருப்பாக்கும் அம்மா. எவன் காலுக்குச் சரியா இருக்கோ அவன் போட்டுட்டுப் போவான்" என்றாய். அன்று நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். அந்தச் செருப்பை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் முடியுமுன் உன்னிடம் திருப்பித் தருவேன்.

அதற்குப் பிறகுதான் நீ மேடையை விட்டாய். இனிப் பாட்டுப் போடுகிறவன் இல்லை, பாட்டு உண்டாக்குகிறவர்களுக்காக ஒரு கம்பெனி தொடங்குகிறேன், பப்ளிஷிங் என்றாய். முன்பாவது சத்தம் கேட்டது. இப்போது சத்தமும் இல்லை, ஆனால் வருமானம் வருகிறது. எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். "அம்மா, தோட்டத்துல மரம் நிக்குது. பாலு வெட்டுகது ஒருத்தன், ஷீட் அடிக்கது ஒருத்தன், விக்கது ஒருத்தன். ஆனா மரம் யாருக்க மரம்? அது தெரியணும்லா? பாட்டுலயும் அதாக்கும். மரம் யாருக்கதுன்னு எழுதி வைக்கது எனக்க வேலை."

"அது பத்திர ஆபீஸ் வேலைல்லா?" என்றேன்.

"கிட்டத்தட்ட."

"அதுக்கு ஏன்லே கம்பெனி? சர்க்கார் செய்யாதா?"

"சர்க்காருக்கு டான்ஸ் ஆட நேரமில்ல அம்மா" என்றாய்.

உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எந்தப் பெரிய கம்பெனிக்கும் கீழே இல்லாமல், இண்டிபெண்டன்ட் ஆகச் செய்கிறேன் என்று நீ பெருமையாகச் சொன்னதும் எனக்கு உறுத்தியது. யாருக்கும் கீழே இல்லாதவனிடம் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? பப்ளிஷிங் என்றால் என்ன என்று கேட்டேன். ஊரறியச் சொல்வது என்றாய். "சபையில ஓலை வாசிக்க மாதிரியா?" என்று கேட்டேன். நீ குதித்துவிட்டாய். "அதேதான் அம்மா! இது இன்னாருக்கது, ஆட்சேபணை உள்ளவன் சொல்லுன்னு ஊரறியக் கேக்கது. நீ எனக்க ஆபீஸ்ல வேலைக்கு வா" என்றாய். அன்றைக்குத்தான் உன் தொழில் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. கொஞ்சம் நம்பவும் செய்தேன்.

இனி நான் சொல்லப்போவதை இவள் எழுதமாட்டேன் என்கிறாள். பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். எழுது ஏட்டி. உன்னைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்துக்கு வேறு என்ன வேலை? சரி, எடுத்துவிட்டாள்.

உன் பாட்டுகளில் ஒன்று, பெரிய முரசுச் சத்தமும் நடுவில் வார்த்தை இல்லாத ஒரு பெண் முனகலுமாக வருமே, அதை நான் முதலில் கேட்டது புதுக்கடை பஸ்ஸில். ஷைனியும் கூட இருந்தாள். கேட்டவுடன் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்தவளைத் தட்டி, "இது எங்க வீட்டுப் பாட்டாக்கும். பண்டு முதலே நாங்க பாடுகது. எனக்க மொவன் இதைப் பாட்டாக்கியிருக்கான்" என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ஷைனியைக் காணோம். நம் ஸ்டாப் வருவதற்கு முன்பே மழையில் இறங்கிவிட்டாள். நான் கண்டக்டரிடம் கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினேன். "கூட்டம் அம்மா, மூச்சு முட்டிச்சு" என்றாள். அப்போது அதை நம்பினேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல், புகையையும் ஹெட்போனையும் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் புதன்கிழமை நீ கூப்பிட்டாய். உன் கம்பெனியிலிருந்து முதல் தொகுப்பு வரப்போகிறது, அந்தப் பாட்டை வெளிநாட்டு ஆள்கள் ஒரு ஆட்ட நிகழ்ச்சிக்குக் கேட்கிறார்கள், அதன் மூலம் எங்கே என்று காட்ட வேண்டும் என்றாய். "நல்ல சேலை ஒண்ணு உடுத்திக்கோ. சும்மா பத்து செகண்ட் பேசு. இது பண்டு முதலே எங்க ஊர்ல பாடுற பாட்டு, யாரு உண்டாக்கினதுன்னு தெரியாதுன்னு சொன்னா மதி. ஷைனி போன்ல எடுத்து அனுப்பட்டு." அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தெரிந்ததைச் சொல்லத்தான் சாட்சியைக் கூப்பிடுவார்கள். தெரியாது என்று சொல்வதற்கு என்னை எதற்கு நல்ல சேலை உடுத்தச் சொல்கிறாய்? ஆனால் மகன் கேட்கிறான், அதுவும் வெளிநாட்டில் பார்ப்பார்கள் என்ற ஆசையில், ஈஸ்டருக்கு எடுத்த பச்சைச் சேலையை உடுத்தி, பலாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஷைனி எதிரில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீ சொல்லித் தந்ததுபோலவே தொடங்கினேன். "இது பண்டு முதலே எங்க ஊர்ல..." என்பது வரைக்கும் வந்தேன். போனுக்குப் பின்னாலிருந்து, "இல்ல" என்று ஒரு சத்தம்.

"என்னட்டி இல்ல? வெளிச்சம் இல்லியா?"

"இல்ல அம்மா. பாட்டு பண்டு முதல் உள்ளது இல்ல."

"பின்ன?"

உனக்குத்தான் தெரியுமே, இவளிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும். போனைத் துணி துவைக்கிற கல்மேல் வைத்தாள். நேரே ஷீட் அடிக்கிற மிஷின் இருக்கிற கொட்டகைக்குப் போனாள். ஷீட் எதுவும் கொடுக்காமல் சும்மா கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். அந்த மிஷினில் ஒரு பல் உடைந்திருக்கிறது அல்லவா, ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது உருளை ஒரு நொடி தயங்கி, பிறகு குதித்துத் தாண்டும். அவள் முதுகைக் காட்டி நின்றபடியே முனகினாள். மிஷின் தயங்குகிற இடத்தில் பாட்டும் தயங்கியது. மிஷின் குதித்த இடத்தில் பாட்டும் குதித்தது. மக்கா, உன் பாட்டில் அந்தப் பெரிய முரசு எந்த இடத்தில் விழுகிறதோ, அதே இடம். எல்லாரும் கையைத் தூக்கிக் குதிக்கிறார்களே, அந்த இடம் நம் மிஷினின் உடைந்த பல்.

அந்தப் பல் எப்போது உடைந்தது என்று எனக்குத் தெரியும். நீ கொச்சிக்குப் போன அந்த மழைக்காலத்தில். மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று உன் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் அந்தப் பாட்டு இருந்திருக்க வழியே இல்லை. பண்டு முதல் உள்ள பாட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, இவள் தினமும் மிஷினைச் சுற்றிச் சுற்றித் தானாக உண்டாக்கியது. கேட்டுக் கேட்டு எனக்கும் வாயில் வந்துவிட்டது. என் வாயில் வந்ததால் அது என்றும் இருந்ததுபோல எனக்குத் தோன்றிவிட்டது. "ஏட்டி, இதை ஏன் முன்னமே சொல்லல்ல?" என்று கேட்டேன். "யாரும் கேக்கல்ல" என்றாள். உன் அப்பா கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனி அந்தப் பல்லை மாத்தப்படாது போல. பாட்டு போயிரும்" என்றார். அதைத் தமாஷாகத்தான் சொன்னார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வீடியோ போனில்தான் இருக்கிறது. உனக்கு அனுப்பமாட்டேன். அழிக்கவும் மாட்டேன். வந்து பார். என் முகம் தெரியும், அவளுடைய 'இல்ல' கேட்கும்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். நீ தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? பாட்டு பழையது என்று நானே நினைத்தேன், நீயும் நினைத்திருக்கலாம். அதில் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் குரல்? கிறிஸ்மஸுக்கு வந்த நீதானே கொட்டகைக்குப் பின்னால் நின்று போனில் எடுத்தாய்? அவள் உன்னைப் பார்த்ததும் நிறுத்தப்போனாளாம். "நிறுத்தாத மக்கா. நீ சும்மா பாடு, நான் சும்மா எடுக்கேன்" என்றாயாம். வேறு யாராக இருந்தாலும் ஓடி ஒளிந்திருப்பாள். அண்ணன் என்பதால் பாடினாள். வகுப்பில் எழும்பி நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது குரல் நடுங்கியதற்கு, பிள்ளைகள் வழிநெடுக அதேபோல நடுங்கிக் காட்டி விரட்டியதால் பள்ளிக்கூடத்தையே விட்டவள் அவள். அந்தக் குரலுக்கு இன்று ஊர் ஊராக ஆடுகிறார்கள். அது அவளுக்குச் சந்தோஷமா, பயமா, அவமானமா என்று யாராவது கேட்டோமா? நீ கேட்கவில்லை. வீட்டிலேயே இருக்கிற நானும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறாய் என்று போனில் பார்த்து வாசிக்கச் சொன்னேன். உன் பெயர் இருக்கிறது. உன் கூட்டுக்காரன் ஒருவனுடைய பெயர் இருக்கிறது. குரல் என்ற இடத்தில் 'நாட்டுப்புறம்' என்று இருக்கிறது. ஆசிரியர் தெரியவில்லை என்று இருக்கிறது. மக்கா, நாட்டுப்புறம் என்கிற பெயரில் நம் வீட்டில் யாரும் இல்லை. ஆசிரியர் தெரியவில்லையாம்! இதை அவள் எனக்கு வாசித்துக் காட்டிய நேரத்தில், ஆசிரியர் அடுக்களையில் சாளைமீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் செதிலோடுதான் போனைத் தள்ளித் தள்ளி வாசித்தாள்.

இந்தா, உன் செருப்பு. பேரில்லாத சத்தம் ரோட்டில் கிடக்கிற செருப்பு என்று சொன்னவன் நீ. துணிக்கடைக்காரன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்பத்தை வைத்துவிட்டு எழுந்து போனவன் நீ. மரம் யாருடையது என்று எழுதி வைப்பதற்கென்றே கம்பெனி தொடங்கியவனும் நீ. ஊரில் உள்ள மரத்துக்கெல்லாம் உடையவனைத் தேடி அலைகிறவனுக்கு, சொந்த முற்றத்து மரம் மட்டும் ஏன் புறம்போக்காகப் போய்விட்டது? வீட்டுப் பிள்ளைதானே, கேட்கவா வேண்டும் என்று நினைத்திருப்பாய். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம். அந்நியனிடம் கேட்கிற மரியாதையை வீட்டில் உள்ளவளுக்குக் கொடுக்காதவன், நாளை தன் மனைவிக்கு என்ன கொடுப்பான்?

அதனால் கல்யாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அஞ்சுகிராமத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது உன்னிடம் சம்மதமா என்று நான்கு பேர் கேட்டார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. டீ கொண்டுவந்தாள், வைத்தாள், போனாள். அவளுடைய அம்மா, "அவளுக்கும் சம்மதம்தான்" என்று சொன்னாள். அந்த அம்மா பொய் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. பாட்டு பண்டு முதல் உள்ளது என்று நானும் பொய் சொல்லவில்லையே. பெற்றவர்கள் பிள்ளைக்காகப் பதில் சொல்லும்போது உண்மை என்று நினைத்தேதான் சொல்கிறோம். நீ அவளிடமே கேள். இந்த வீட்டுக்கு வர இஷ்டமா, வேலைக்குப் போக இஷ்டமா, உன் முகம் பிடித்திருக்கிறதா என்று கேள். கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை வேறு எதையும் டைப் அடிக்காமல் இரு. 'சும்மா கேட்டேன்' என்று மட்டும் கடைசியில் சேர்க்காதே.

ஓலையை ஏன் மூன்று ஞாயிறு வாசிக்கிறார்கள் என்று நான் இவ்வளவு காலம் யோசித்ததில்லை. ஊருக்குத் தெரிய ஒரு தடவை போதாதா என்று, உட்கார்ந்து கால் மரத்துப்போகும்போது நினைத்ததுண்டு. இந்த வாரம்தான் விளங்கியது. தைரியசாலிக்கு ஒரு ஓலை போதும், கேட்ட இடத்திலேயே எழும்பிவிடுவான். கூச்சப்படுகிறவர்கள் முதல் வாரம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். இரண்டாவது வாரம் தொண்டை வரை வரும், விழுங்கிவிடுவார்கள். மூன்றாவது வாரம் ஒருவேளை எழும்பலாம். அவர்களுக்காகத்தான் அந்த மூன்று. போதகர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரமும் அவர்களுக்காகத்தான். உன் கம்பெனியில் பத்து செகண்ட் போதும் என்றாய். பத்து செகண்டில் எழும்பக்கூடியவர்களின் பாட்டு மட்டும்தான் உனக்கு வேண்டுமென்றால், அது வேறு கம்பெனி. அதற்கு ஓலை என்ற பெயரைச் சொல்லாதே.

ஆகவே நான் கேட்பது இதுதான். நாளை இரண்டாம் ஓலை. மூன்றாம் ஓலை வாசிக்குமுன் வீட்டுக்கு வா. போனில் வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். கொட்டகையில் அவள் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பாட்டை என்ன செய்யலாம் என்று கேள். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பாட்டு உன் தொகுப்பில் வரக்கூடாது, வெளிநாட்டுக்காரன் எவ்வளவு ஆடத் துடித்தாலும் சரி. சரி என்றால், எப்படிச் சரி என்று அவள் சொல்வாள். நீ வரவில்லையென்றால் மூன்றாம் ஓலை அன்று எனக்கு மறுபடியும் இருமல் வரும். அது வெறும் இருமலாக இருக்காது. உன் கல்யாணத்தை நிறுத்துவேன் என்று பயப்படாதே, அந்தப் பெண்மேல் எனக்கு ஆசைதான். ஆனால் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மாமி முன்வரிசையில்தான் இருப்பாள்.

உனக்குப் பிடித்த மரச்சீனியும் மீன்கறியும் வைக்கிறேன். வா மக்கா.

அம்மா

அண்ணா, மழை வருகிறது, அம்மா முற்றத்தில் கிடக்கிற ஷீட்டை எடுக்க ஓடியிருக்கிறாள். இனி எழுதுவது நான். அம்மா சொன்னதில் இரண்டு இடத்தை நான் எழுதவில்லை. உன்னை வைத வார்த்தைகள் அவை. அவளுக்குத் தெரியாது.

பஸ்ஸிலிருந்து நான் இறங்கியது மூச்சு முட்டியதால் அல்ல. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை சீட்டில் ஏறி நின்று அந்த இடத்தில் சரியாகக் குதித்தது. அது நான் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததைக் கண்டுதான் பயந்து இறங்கினேன். அதனால் என் பெயரைப் போடச் சொல்வேனா, போட வேண்டாம் என்று சொல்வேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அதை நான் யோசிக்க வேண்டும். நீ 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டால், எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. நீ அன்று எடுத்தது பாதிதான். நீ போனைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போன பிறகுதான் மீதியைப் பாடினேன். அது இந்தக் கொட்டகைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நீ வந்து கேட்டால் பாடுவேனோ என்னவோ.

சபையில் எழும்பி நின்று சொல்ல என்னால் முடியாது. அதனால் இங்கே, அம்மா வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஆட்சேபணை உண்டு.

ஷைனி